மிதக்கும் குதிரைப்படை: எதுக்கு வாங்கணும், எத்தனை வாங்கலாம்?

போன இதழ்ல கதைக்கும் டேபிள் கேமுக்கும் கற்பனைப் படை உருவாக்குறது பத்தி எழுதியிருந்தேன். வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், தரையைத் தொடாம மிதந்து ஓடுற ஹோவர் குதிரைப்படை. ஆசை எல்லாருக்கும் இருக்கு, முட்டிக்கிறது காசுல. அதனால இந்தத் தடவை மொத்தப் பக்கமும் அதுக்கே.

கேள்வி: நாவல் எழுதிட்டு இருக்கேன். சின்ன நாடு, எல்லை முழுக்க சதுப்பு, அதுக்கு அப்பால கல்லும் மேடுமா இருக்கிற பூமி. படைக்கு மொத்தம் 1,000 பொன். கனமான ஹோவர் டாங்கி 50 பொன், ரெண்டு பேர் போற லேசான மிதவை வண்டி 8 பொன், சாதாரண சங்கிலிச் சக்கர வண்டி 10 பொன்னுன்னு விலை வச்சிருக்கேன். 20 ஹோவர் டாங்கி வாங்கிட்டா போதும், எதிரி நடுங்கிடுவான்னு என் தளபதி சொல்றார். சரியா சார்?

பதில்: பொன்னை ஓரமா வச்சிட்டு முதல்ல மேப்பை எடுங்க. அந்த 20 டாங்கியும் போகப்போற வழியில சங்கிலி வண்டியும் போக முடியுமான்னு தளபதி கிட்ட கேளுங்க. முடியும்னா நீங்க மிதப்புக்குக் கொடுக்கிற 40 பொன் தண்டம். சதுப்புல மட்டும்தான் அது முடியாது, அதனால உங்க மிதப்புக் காசு மொத்தமும் சதுப்புல சம்பாதிச்சே ஆகணும், கல்லாங்காட்டுல அது ஒரு பைசா திருப்பித் தராது.

இப்ப ஏன் அந்த டாங்கி 50 பொன்னுன்னு பாக்கலாம், நீங்க குத்துமதிப்பா வச்ச விலையா இருந்தாலும் உண்மையில அது ரொம்பக் கம்மி. மிதக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஹெலிகாப்டர் மாதிரி காத்தை நேரா கீழ தள்ளி நிக்கிறது. இதுல எடை ரெண்டு மடங்கானா தேவைப்படுற சக்தி ரெண்டு மடங்கோட நிக்காது, அதே அளவு விசிறிக்கு சுமார் 2.8 மடங்கு ஆகும். ஆளோட சேர்த்து 400 கிலோ இருக்கிற ஒரு வண்டி, விசிறியோட பரப்பு 1 சதுர மீட்டர்னு வச்சுக்குங்க, ஒரு சொட்டு நஷ்டம் இல்லாத கணக்குல கூட 210 குதிரைசக்தி வேணும், நஷ்டத்தைச் சேர்த்தா 300ஐத் தாண்டும். சரி, கார் இஞ்சின் அளவு, சமாளிச்சிடலாம். ஆனா 40 டன் டாங்கியை 40 சதுர மீட்டர் விசிறிப் பரப்புல தூக்கணும்னா அதே நஷ்டமில்லாத கணக்குல கிட்டத்தட்ட 33,000 குதிரைசக்தி. நிஜத்துல இருக்கிற எம்1 ஏப்ரம்ஸ் டாங்கியோட இஞ்சினே 1,500தான், அதைப் போல 22 இஞ்சின்! அந்த டாங்கி கொண்டு போற எரிபொருள் சுமார் 1,900 லிட்டர், அதை வச்சு உங்க டாங்கி ஒரு கால் மணி நேரம் கூட நிக்காது.

இன்னொரு வழி ஹோவர்கிராஃப்ட் வழி. வண்டிக்கு அடியில ரப்பர் பாவாடை கட்டி, உள்ள காத்தை அடைச்சு, அந்த மெத்தை மேல உக்காந்துக்கிறது. 1959ல, ஹோவர்கிராஃப்டைக் கண்டுபிடிச்ச கிறிஸ்டோபர் காக்கரெல்லோட எஸ்.ஆர்.என்.1 வண்டி இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டினது இப்படித்தான். 10 டன் வண்டி, 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம்னா அடியில இருக்க வேண்டிய அழுத்தம் காத்து மண்டல அழுத்தத்துல வெறும் 2 சதவீதம். நாம நிக்கும்போது நம்ம பாதம் தரையை அமுக்குறது இதைவிட ஏழெட்டு மடங்கு ஜாஸ்தி, அதனாலதான் மனுஷன் முழங்கால் வரைக்கும் புதையிற சேத்துல இது பாட்டுக்கு வழுக்கிட்டுப் போகும். செலவு எங்க ஏறுதுன்னா, பாவாடைக்கும் தரைக்கும் நடுவுல காத்து கசியுற இடைவெளியில. 2 சென்டிமீட்டர் இடைவெளிக்கு தூக்குற வேலைக்கு மட்டும் சுமார் 100 குதிரைசக்தி போதும், அதையே 20 சென்டிமீட்டர் ஆக்கினா 1,000. மிதக்கிற உயரம்தான் விலை, இதை எழுதி மேஜை மேல ஒட்டிக்குங்க. கதை எழுதுற நிறைய பேர் அழகுக்காக வண்டியை ஒரு ஆள் உயரத்துக்குத் தூக்கிடுறாங்க, அந்த ஒரு வரியில நாட்டோட கஜானாவே காலி.

உங்க இடத்துல நான் இருந்தா ஹோவர் டாங்கி ஒண்ணு கூட வாங்க மாட்டேன். 24 லேசான மிதவை வண்டி, அது 192 பொன். கல்லாங்காட்டுக்கு 20 சங்கிலி வண்டி, 200. டாங்கிக்குப் பதிலா அதே 50 பொன் விலையில சரக்கு ஏத்துற பெரிய காத்து மெத்தை வண்டி ரெண்டு, சங்கிலி வண்டியையே சதுப்புக்கு அந்தப் பக்கம் இறக்கி விட. மொத்தம் 492. மிச்சம் இருக்கிற 508ஐ வாங்குறதுக்குத் தொடவே கூடாது, அது எண்ணெய்க்கும் உதிரிப் பாகத்துக்கும் பயிற்சிக்கும். தளபதிக்குக் கோவம் வரும், வரட்டும், அந்தச் சண்டையே உங்களுக்கு ஒரு நல்ல அத்தியாயம்.

கேள்வி: எங்க கேம் குரூப்ல ஒரே புள்ளிக்கு (படை வாங்க ரெண்டு பக்கத்துக்கும் கொடுக்கிற கேம் காசு) ஒரு பக்கம் 20 ஹோவர் வண்டி, இன்னொரு பக்கம் 30 சாதா டாங்கி. ஹோவர் வண்டிக்கு ஒண்ணரை மடங்கு தரம் கொடுத்திருக்கோம், விலையும் ஒண்ணரை மடங்கு. கணக்கு நியாயமாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் ஹோவர் பக்கம் எப்பவும் தோக்குது?

பதில்: கணக்கு நியாயமா இல்லங்க, அதான் காரணம். முதல் உலகப்போர் சமயத்துல ஃபிரெடரிக் லான்செஸ்டர்னு ஒரு இங்கிலாந்து இஞ்சினியர் இதைப் போட்டுக் காட்டினார், 1916ல புத்தகமாவும் வந்துச்சு. எல்லாரும் எல்லாரையும் சுட முடியுற திறந்த சண்டையில படையோட பலம் தரத்துக்கு நேர் விகிதத்துல ஏறும், எண்ணிக்கைக்கோ வர்க்கத்துல ஏறும். 30க்கு எதிரா 20ஐ நிறுத்தினா ஒண்ணரையோட வர்க்கம், அதாவது 2.25 மடங்கு தரம் இருந்தாத்தான் சமம். நீங்க 1.5தான் கொடுத்திருக்கீங்க. விலை அஞ்சு மடங்கு இருக்கிற வண்டின்னா 25 மடங்கு தரம் வேணும், அப்படி ஒரு வண்டியை யாராலயும் செய்ய முடியாது.

அப்ப வேகத்துக்கு மதிப்பே இல்லையான்னா, இருக்கு, அது வேற இடத்துல. 50 தீக்குச்சி எடுத்துக்குங்க. 20ஐ ஒரு பக்கம் வைங்க, 30ஐ மூணு பத்தாப் பிரிச்சு தள்ளித் தள்ளி வைங்க. தரம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னு வச்சுக்குவோம். 30ம் ஒண்ணா நின்னு மோதினா 20 முழுசா அழிஞ்சு எதிரி பக்கம் 22 மிஞ்சும். அதே 20 முதல் பத்து மேல மொத்தமா பாய்ஞ்சா 400ல 100 போக 300, அதோட வர்க்கமூலம் 17 சொச்சம், அவ்ளோ வண்டி மிஞ்சும். அடுத்த பத்தை அடிச்சா 14. மூணாவது பத்தையும் அடிச்ச பிறகு சரியா 10 வண்டி நிக்கும், எதிரி பக்கம் பூஜ்யம். வண்டியும் துப்பாக்கியும் அதேதான், மாறினது ஒண்ணே ஒண்ணு, ரெண்டாவது பத்து உதவிக்கு வர்றதுக்குள்ள முதல் பத்தை முடிச்சாச்சு. குதிரைப்படைக்கு மனுஷன் காலங்காலமா காசு கொட்டினது இதுக்குத்தான், யாரோட எப்ப எங்க மோதுறதுன்னு தானே முடிவு பண்றதுக்கு.

உங்க கேம்ல மேஜை சின்னது, ரெண்டு படையும் முதல் சுத்துலயே ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குது, அங்க வேகம் செத்த காசு. புள்ளியை மாத்தாதீங்க, மேப்பை மூணு மடங்காக்குங்க, டாங்கி பக்கம் காக்க வேண்டிய இடத்தை மூணாக்குங்க, நடுவுல ஒரு ஏரியோ சேறோ போடுங்க. அப்புறம் ஹோவர் பக்கம் ஜெயிச்சுட்டே இருந்தா விலையை ஏத்துங்க.

கேள்வி: ஹோவர் வண்டியில 120 மில்லிமீட்டர் பீரங்கி வைக்கலாமா? எவ்ளோ கவசம் தாங்கும்?

பதில்: 10 கிலோ குண்டு நொடிக்கு 1,600 மீட்டர் வேகத்துல வெளிய போகுதுன்னா 10 டன் வண்டி அதே அடியில நொடிக்கு 1.6 மீட்டர் பின்னால போகும், பின்னாடியே சீறுற வெடி வாயுவோட உதை தனி. சங்கிலி வண்டியை தரை பிடிச்சுக்கும். காத்து மெத்தையைப் பிடிக்க ஒண்ணுமே இல்ல, வேகமா நடக்கிற ஆள் மாதிரி அது பாட்டுக்குப் பின்னால போய்ட்டே இருக்கும், பக்கவாட்டுல சுட்டா இன்னும் மோசம், வண்டியே சுத்திடும். சுடுறதுக்கு முன்னாடி காத்தை நிறுத்தி உக்கார வைங்க, இல்லன்னா உதை இல்லாத ராக்கெட்டும் ஏவுகணையும் கொடுங்க. கவசம் ஓட்டுறவருக்கும் இஞ்சினுக்கும் மட்டும் போதும், மத்ததெல்லாம் எடை, எடைன்னா என்ன ஆகும்னு முதல் பதில்ல பாத்தோம்.

கேள்வி: நிஜத்துல யாராவது இப்படி ஒரு படை வச்சிருந்தாங்களா?

பதில்: வச்சிருந்தாங்க, பேர்லயே குதிரைப்படை இருந்துச்சு. 39வது கேவல்ரி (குதிரைப்படை) பிளட்டூன், அமெரிக்க ராணுவத்தோட 9வது காலாட்படை டிவிஷன் கூட, வியட்நாம் மேகாங் டெல்டாவுல 1968ல இருந்து 1970 வரைக்கும். மொத்தம் மூணே மூணு வண்டி. பிரிட்டிஷ் எஸ்.ஆர்.என்.5 ஹோவர்கிராஃப்டை வச்சு பெல் கம்பெனி செஞ்சது, சுமார் 12 மீட்டர் நீளம், சுமார் 60 நாட் வேகம், அதாவது மணிக்கு 110 கிலோமீட்டர், மேல மெஷின்கன், தளத்துல சிப்பாய்கள் உக்காந்துட்டுப் போவாங்க. நாணல் காடு, வயல், வாய்க்கால்னு படகும் போகாத, கவச வண்டியும் போகாத இடத்துல அது போச்சு, அந்த வகையில சொன்னதைச் செஞ்சுச்சு.

ஆனா சத்தம் ரொம்ப தூரத்துக்குக் கேக்கும், ஒளிஞ்சு போறதுங்கிற பேச்சே இல்ல. பராமரிப்பு ராத்திரி பகலா தின்னுச்சு. 1970ல மூணுல ரெண்டு அழிஞ்சுது, அந்த வருஷமே படையைக் கலைச்சுட்டாங்க, மிஞ்சின ஒண்ணு இன்னிக்கு ராணுவப் போக்குவரத்து மியூசியத்துல நிக்குது. எனக்கு இதுல உறைக்கிற விஷயம் அந்த மூணுங்கிற நம்பர். ரெண்டு போனா படையே போச்சு. எந்தத் திறமையா இருந்தாலும் மூணு வண்டியில வச்சா அதை ஆபத்துல இறக்கவே கை நடுங்கும், இறக்கலன்னா எதுக்கு வாங்கினோம்?

ஹோவர் நிலைச்சு நின்ன இடமும் இருக்கு. அமெரிக்கக் கடற்படையோட எல்கேக், அதாவது படையைக் கரையில இறக்குற காத்து மெத்தைப் படகு, 1980கள்ல இருந்து ஓடுது, 60 டன் சரக்கு, 40 நாட் வேகம். சாதாரண இறங்குபடகு உலகத்துக் கடற்கரையில சுமார் 15 சதவீதத்துல மட்டும்தான் ஏற முடியும், இது 70 சதவீதத்துக்கு மேல ஏறும்னு சொல்வாங்க. அது சண்டை போடுறது இல்ல, டாங்கியைக் கரையில இறக்கிட்டுத் திரும்பிடும். முதல் கடிதம் எழுதினவருக்கு நான் சரக்கு வண்டி ரெண்டு சொன்னது இதை நினைச்சுத்தான்.

கேள்வி: என் கதையோட நாயகி ஹோவர் படையில மெக்கானிக். எல்லாரும் சண்டைக் காட்சிதான் கேக்குறாங்க, ரிப்பேர் காட்சி போரடிக்கும்னு சொல்றாங்க. எழுதட்டுமா வேண்டாமா?

பதில்: எழுதுங்கம்மா, தயவுசெஞ்சு எழுதுங்க. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்றது இந்தப் படைக்கு அப்படியே பொருந்தும். முதல் உலகப்போர்ல பிரிட்டன் பிரான்ஸுக்குக் கப்பல்ல அனுப்பின குதிரைத் தீவனம் சுமார் 54 லட்சம் டன், வெடிமருந்து சுமார் 52 லட்சம் டன். குண்டை விட வைக்கோலும் ஓட்ஸும் ஜாஸ்தி! 13ஆம் நூற்றாண்டுல பாண்டிய ராஜாக்கள் அரபு நாட்டுப் பக்கம் இருந்து வருஷா வருஷம் குதிரை வாங்கின கதையை மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்கார், ஒவ்வொருத்தரும் 2,000க்கு மேல வாங்குவாங்களாம், வருஷக் கடைசியில 100 கூட மிஞ்சாதாம். வளர்க்கத் தெரிஞ்ச ஆள் இல்ல, லாடம் அடிக்கிறவங்களை இங்க வரவிடாம வியாபாரிங்களே தடுத்தாங்க, செத்தாத்தானே அடுத்த வருஷமும் விக்கலாம். அதாவது அந்தப் படையோட பலம் குதிரையில இல்ல, வந்து சேராத அந்த லாடக்காரர் கிட்ட இருந்துச்சு. உங்க நாயகிதான் அந்த லாடக்காரர்.

காட்சிக்கு சில விஷயம் தர்றேன். பாவாடை ஒரே துண்டு கிடையாது, கீழ் ஓரத்துல விரல் விரலா தனித்தனி ரப்பர் மடிப்பு தொங்கும், கல்லுல உரசிக் கிழியுறது அதான், கிழிஞ்ச விரலை மட்டும் கழட்டி மாத்தலாம். ராத்திரி, மழை, வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி வச்சிருக்கு, அவ சேத்துல மல்லாக்கப் படுத்துக்கிட்டு வாயில டார்ச்சைக் கடிச்சுக்கிட்டு ஒவ்வொரு விரலா தடவிப் பாக்குறா, தேஞ்ச விளிம்பு கைக்கு மெத்துன்னு இருக்கும், புதுசு விறைப்பா இருக்கும், கண்ணை விட விரல்தான் முதல்ல கண்டுபிடிக்கும். டர்பைன் இஞ்சினுக்கு உப்புக்காத்தும் மணலும் எமன், உள்ள இழுக்கிற காத்தை வடிகட்டணும், பிளேடைக் கழுவணும். விடியுறதுக்குள்ள 24 வண்டியில 16ஐ ஓட வச்சா அவ ஜெயிச்சா, 12தான் ஓடுச்சுன்னா தளபதியோட திட்டம் சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பாதியாயிடும். இதை விடப் பதட்டமான காட்சி எனக்குத் தெரிஞ்சு சண்டையில இல்ல. தரமான வண்டி எத்தனை இருக்குன்னு யாரும் கேக்க வேண்டாம், நாளைக்குக் காலைல எத்தனை கிளம்பும்னு கேட்டா போதும்.

கேள்வி: எங்க உலகத்துல ஈர்ப்பு எதிர்ப்புத் தொழில்நுட்பம் இருக்கு, எரிபொருளே வேண்டாம். அப்ப செலவுக் கணக்கும் வேண்டாம்தானே?

பதில்: தூக்குறதுக்கு மட்டும்தான் வேண்டாம். திரும்புறதுக்கும் நிக்கிறதுக்கும் யார் பிடிச்சுக்குவா? மணிக்கு 100 கிலோமீட்டர்ல 100 மீட்டர் ஆரத்துல வளைஞ்சா வண்டியோட எடையில முக்கால் பங்குக்கு மேல ஒரு விசை பக்கவாட்டுல தள்ளணும். சக்கரத்துக்கு அதை ரோடு இலவசமா கொடுக்கும், உங்க வண்டி விசிறியாலயோ ஜெட்டாலயோ காசு கொடுத்து வாங்கணும், இல்லன்னா 38 டிகிரி சாயணும். சரிவும் அப்படித்தான், டாங்கி 60 சதவீதச் சரிவுல ஏறும், பிடிமானம் இல்லாத வண்டி லேசான சரிவுலயே பக்கவாட்டுல நழுவும். அதனால ஓட்டுறவருக்குப் பயிற்சி ஜாஸ்தி, ஓட்டுறவரே விலை ஏறின பாகம் ஆயிடுவார்.

அதோட அந்த ஈர்ப்பு எதிர்ப்புப் பெட்டியைச் செய்யுறது யாரு, வருஷத்துக்கு எத்தனை? அரிய பொருள்னா எண்ணிக்கை குறையும், குறைஞ்சா ஒவ்வொண்ணு மேலயும் ஆராய்ச்சிச் செலவு ஏறும், ஏறினா இன்னும் குறைப்பாங்க. அமெரிக்காவோட பி-2 குண்டுவீச்சு விமானம் 132 வாங்கத் திட்டம் போட்டு 21ல நின்னுது, எஃப்-22 போர் விமானம் 750ன்னு ஆரம்பிச்சு படைக்கு வந்தது 187. ஜும்வால்ட் போர்க்கப்பல் 32ல இருந்து 3. இந்தச் சுழலை நார்மன் அகஸ்டின்னு ஒரு விமானத் துறைத் தலைவர் கணக்குப் போட்டு, இப்படியே போனா 2054ல அமெரிக்காவோட மொத்த ராணுவ பட்ஜெட்டுக்கும் ஒரே ஒரு விமானம்தான் கிடைக்கும்னு எழுதினார். உங்க உலகத்துல அந்தப் பெட்டி வருஷத்துக்கு எத்தனை வரும்ங்கிற ஒரு நம்பரை மட்டும் முடிவு பண்ணுங்க, படையோட உருவம் தானா வந்துடும்.

கேள்வி: லேசான மிதவை வண்டியில எத்தனை பேர் உக்காரணும்? ரெண்டா நாலா?

பதில்: அவங்க வண்டியில இருந்தே சண்டை போடுறாங்களா, இறங்கியா? இறங்கின்னா பழைய குதிரைப்படை வழக்கத்தைப் பாருங்க. நாலு பேர் போனா மூணு பேர் துப்பாக்கியோட இறங்குவாங்க, நாலாவது ஆள் நாலு குதிரையையும் பிடிச்சுக்கிட்டு பின்னால நிப்பார். படையோட சுடுற பலத்துல கால்வாசி அங்கயே போயிடும். ரெண்டு பேர் வண்டின்னா ஓட்டுறவர் வண்டியை விட்டு நகர முடியாது, அதனால பாதி போயிடும். முதல் பதில்ல சொன்ன 24 வண்டியில 48 பேர் போய் இறங்கிச் சுடுறது 24 பேர்தான். நாலு பேர் வண்டி எடை கூடும், விலை 8ல இருந்து 13 பொன் ஆகலாம். ஆனா அதே 192 பொன்னுக்கு 14 வண்டி வாங்கினா 42 பேர் தரையில இறங்குவாங்க. வேவு பாக்குறதுக்கு மட்டும்னா ரெண்டு பேர் போதும். ஒரு பாலத்தைப் பிடிச்சு அடுத்த படை வர்ற வரைக்கும் காக்கணும்னா நாலு பேர் வண்டி வாங்குங்க, அதுலயும் ஓட்டுறவர் கைக்கு எட்டுற மாதிரி ஒரு மெஷின்கன் வச்சிடுங்க, அவரும் சும்மா நிக்க வேண்டாம்.